பின்னால் வந்தவன்

ஒரு இளம் ரைடர் பைக் ரேஸில் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தால் வெளியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, “என்ன ஸ்பீடில் போனான்?” பேடாக்கில், அதாவது தடத்துக்குப் பின்னால் அணிகள் கூடாரமிடும் இடத்தில், அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அங்கே குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: “பின்னாடி யார் வந்தது?”

விழுவது அங்கே அன்றாடம். உலக சாம்பியன்ஷிப்பான கிராண்ட் பிரீயின் மூன்று பிரிவுகளையும் (இளைஞர்களின் மோட்டோ3, அதற்கு மேல் மோட்டோ2, உச்சியில் மோட்டோஜிபி) சேர்த்தால் ஒரு சீசனில் ஆயிரம் தடவை அளவுக்கு யாராவது விழுகிறார்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, சரளையில் நாலு சுற்று உருண்டு, எழுந்து தூசியைத் தட்டிவிட்டு அடுத்த வண்டியை எடுக்க ஓடுகிறவர்களை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறோம். வேகம் தனியாக ஆளைக் கொல்வது அபூர்வம். சட்டென்று எதிலாவது மோதி நிற்பது கொல்லும். அதைவிட அதிகமாக, பின்னால் வரும் வண்டி கொல்லும்.

விழுவதில் வகை உண்டு. வளைவில் சாய்ந்திருக்கும்போது டயர் பிடியை விட்டால் வண்டி படுத்துக்கொள்ளும். ஆளும் வண்டியும் வளைவின் வெளிப்பக்கமாக வழுக்கிப் போவார்கள். இது லோசைட். பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் பாதுகாப்பு. மற்றவர்கள் ஓட்டுகிற கோட்டை விட்டு விலகித்தான் போகிறார்கள், அங்கே சரளையும் அதற்கப்பால் காற்றடைத்த தடுப்பும் காத்திருக்கும். ஹைசைட் வேறு. பின் டயர் வழுக்கி, திடீரென்று மறுபடி பிடிக்கும். அமுங்கிய சஸ்பென்ஷன் விரிந்து ஆளைக் கவண்கல் மாதிரி மேலே வீசும். காரை எலும்பு, மணிக்கட்டு, கணுக்கால் என்று போகும். விழுகிற இடம் தடத்தின் நடுவாக இருந்தால்தான் உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது வகைக்குத் தனிப் பெயர் கிடையாது. 2011 அக்டோபர் 23, செபாங், இரண்டாவது சுற்று, 11ஆவது வளைவு. மார்கோ சிமொன்செல்லிக்கு 24 வயது. வண்டி படுக்கத் தொடங்கியதும் அவர் கைவிடவில்லை, தொங்கிக்கொண்டே நிமிர்த்தப் பார்த்தார். வெளியே வழுக்கிப் போயிருக்க வேண்டிய வண்டியின் டயர் மறுபடி தரையைக் கவ்வ, வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு வளைவின் உட்பக்கமாகத் தடத்தைக் குறுக்கே கடந்தது. பின்னால் கோலின் எட்வர்ட்ஸ், அவரை ஒட்டி வாலன்டினோ ரோஸி. இருவராலும் தவிர்க்க முடியவில்லை. மோதலில் சிமொன்செல்லியின் ஹெல்மெட் கழன்று உருண்டதை உலகமே நேரலையில் பார்த்தது. ரோஸிக்கு அவர் போட்டியாளர் மட்டுமில்லை, கூடவே பயிற்சி எடுத்த தம்பி மாதிரி.

ஏன் தவிர்க்க முடியாது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். மணிக்கு 150 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 42 மீட்டர். முன்னவனுக்கும் பின்னவனுக்கும் 0.3 நொடி இடைவெளி இருந்தால் நடுவே 12 அல்லது 13 மீட்டர். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் பிரேக்கைத் தொட, நன்றாகப் பழகிய ஆளுக்கே கால் நொடி ஆகும். அதற்குள் பத்து மீட்டர் போயிற்று. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மீட்டரிலும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. சாய்ந்திருக்கும் டயரின் பிடிமானம் முழுவதையும் வளைவே எடுத்துக்கொண்டிருக்கும். பிரேக்கை அழுத்தினால் அவனும் விழுவான். இன்னும் மடக்கினாலும் விழுவான்.

இதில் பார்வைச் சிக்கலும் சேர்கிறது. காற்றெதிர்ப்பைக் குறைக்க முன் வண்டியின் நிழலுக்குள் ஒடுங்கி, டேங்கின்மேல் தாடையை வைத்து வருகிறவனுக்குத் தெரிவது முன்னவனின் சீட் முதுகு மட்டுமே. முன்னவன் கடைசிக் கணத்தில் விலகித் தப்பிக்கிறான். அந்தக் கணத்தில்தான் கீழே கிடப்பவன் பின்னவனின் கண்ணுக்குத் தெரிகிறான். மஞ்சள் கொடி வராதா என்றால், வரும். தட ஓரத்தில் நிற்கும் மார்ஷல் பார்த்து, புரிந்து, வீச இரண்டு மூன்று நொடி ஆகும். கூட்டமாக வருகிற 15 பேரும் அதற்குள் கடந்திருப்பார்கள்.

அந்தக் கூட்டம்தான் இளைஞர் பிரிவுகளின் சாபக்கேடு. மோட்டோ3 வண்டி 250 சிசி, ஒற்றை சிலிண்டர். என்ஜின் 13,500 சுற்றுக்கு மேல் போகாமல் விதியே கட்டிவைத்திருக்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து குறைந்தது 152 கிலோ. எல்லா வண்டியும் ஒரே சக்தி, ஒரே எடை. அப்புறம் யார் எப்படித் தப்பித்து ஓடுவது? முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் களைக்கிறான், பின்னால் வருகிறவன் அவன் நிழலில் இலவசமாக வேகம் பெறுகிறான். நேர்ப்பாதை முடிவதற்குள் வரிசை தலைகீழாக மாறும். டிவியில் பார்க்க இதைவிடச் சுவையான ரேஸ் கிடையாது என்று எழுதாதவர் இல்லை. அந்தச் சுவையும் இந்த ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தகுதிச் சுற்றிலும் இதே கதை. தனியாகப் போனால் நேரம் வராது என்பதால் யாராவது முன்னால் இழுத்துப் போகட்டும் என்று காத்திருப்பார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் எல்லாரும் ஒரே கொத்தாகக் கிளம்புவார்கள்.

2021 மே 29, முஜெல்லோ. மோட்டோ3 தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டம். சுவிட்சர்லாந்தின் ஜேசன் டுபாஸ்கியே, 19 வயது, எண் 50, ஒன்பதாவது வளைவில் விழுந்தார். பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் விபத்தில் சிக்கின. தடத்திலேயே அரை மணி நேரத்துக்கும் மேல் சிகிச்சை. பிறகு ஹெலிகாப்டரில் ஃபிளாரன்ஸ். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். ஜூலை 25 அன்று அரகோனில் ஐரோப்பிய டாலன்ட் கப் ரேஸில் ஹூகோ மியான், 14 வயது. விழுந்து, தடத்தை விட்டு விலக முயன்றபோது பின்னால் வந்த வண்டி மோதியது. செப்டம்பர் 25 அன்று ஹெரெஸில் சூப்பர்ஸ்போர்ட் 300 ரேஸில் டீன் பெர்டா வின்யாலெஸ், 15 வயது. அங்கேயும் கூட்டத்தின் நடுவில் விழுதல். நான்கு மாதத்தில் மூன்று பிள்ளைகள், மூன்றிலும் ஒரே காரணம். 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டை தடத்தில் தேசிய சாம்பியன்ஷிப் ரேஸில் முதல் வளைவைத் தாண்டி விழுந்து இறந்த பையனுக்கு 13 வயது. மிச்ச ரேஸ்களை அமைப்பாளர்கள் அன்றே ரத்து செய்தார்கள்.

ஸ்பெயின் ரைடர் லூயிஸ் சலோமின் சாவு மட்டும் வேறு மாதிரி. 2016 ஜூன் 3, பார்சிலோனா, மோட்டோ2 பயிற்சி. அங்கே அவரை அடித்தது அவருடைய வண்டியே. 12ஆவது வளைவின் வெளியே சரளைக்குப் பதில் தார் இருந்தது. நாலு சக்கரக் காருக்குத் தார் நல்லது, பிரேக் பிடிக்கலாம். தோலுடையில் வழுக்கும் ஆளை அது போதிய அளவுக்குத் தடுக்காது. வண்டி முன்னால் போய்த் தடுப்பில் மோதி நிற்க, பின்னாலேயே வழுக்கி வந்தவர் அதன்மேல் மோதினார். ரைடர்கள் கூடிப் பேசி, மறுநாளிலிருந்து அந்தப் பகுதியைக் கார் ரேஸ் ஓடும் மெதுவான வடிவத்துக்கு மாற்ற வைத்தார்கள். துக்கம் ஒரு ராத்திரிக்குள் தடத்தின் வரைபடத்தை மாற்றியது அங்கேதான்.

2021 அக்டோபரில் சர்வதேச மோட்டார்சைக்கிள் சம்மேளனம் வயது வரம்பை உயர்த்துவதாக அறிவித்தது. மோட்டோ3, மோட்டோ2 பிரிவுகளில் 16ஆக இருந்தது, 2023 முதல் 18. கீழ்நிலைப் போட்டிகளிலும் வயதைக் கூட்டி, ஒரு ரேஸில் ஓடும் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எண்ணிக்கையைக் குறைத்ததுதான் இதில் சரியான மருந்து என்பது என் கட்சி. இரண்டு வயது கூடுவதால் 0.3 நொடி 0.4 ஆகிவிடாது. ஆறு வண்டி குறைந்தால், விழுந்தவன் எழுந்து ஓட ஒரு மூச்சு இடம் கிடைக்கும்.

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாவுக்கு மறுநாள் எல்லாப் பெற்றோரும் கேட்பது அதைத்தான். கிராண்ட் பிரீயில் 2018 முதல் தோலுடைக்குள் ஏர்பேக் கட்டாயம். சென்சார் விழுதலை உணர்ந்ததும் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் தோள், காரை எலும்பு, விலாப் பகுதியில் காற்று நிரம்பும். தரையில் விழும் அடிக்கு இது அருமை. 150 கிலோ எடை மேலே ஏறினால் அதன் வேலை அங்கே முடிந்தது. ஏர்பேக் ஏமாற்றும் வழிகள் எல்லாம் அற்பமானவை: சார்ஜ் போடாத பேட்டரி, ஒரு தடவை வெடித்த பிறகு மாற்றாத வாயுக் குப்பி, இறுக்கமான தோலுடை. வளரும் பையனுக்கு இந்த மூன்றாவதுதான் அடிக்கடி. போன வருட உடுப்பு மார்பில் பிடிக்கும். பை விரிய இடமில்லாமல் விலாவையே அழுத்தும்.

ஹெல்மெட்டில் தவறு இன்னும் சுலபம். தெரிந்தவர் கொடுத்தது, அண்ணன் போட்டது, அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரியது. ஒன்றரை கிலோ ஹெல்மெட்டை 40 கிலோ பையனின் கழுத்து தாங்க வேண்டும் என்பதே கஷ்டம். சோதிக்க ஒரே வழி: வாரை இரண்டு டி வளையங்களுக்குள்ளும் விட்டு, திரும்ப ஒன்றுக்குள் மடக்கி இழுத்து இறுக்குங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் கஷ்டப்பட்டு நுழைய வேண்டும். பிறகு பின்னால் நின்று, ஹெல்மெட்டின் பின்கீழ் விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டுங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம். ஒரு தடவை தலையோடு தரையில் அடித்ததும் வேண்டாம். உள்ளே தெர்மாகோல் அமுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாது. கிராண்ட் பிரீயில் 2019 முதல் சம்மேளனத்தின் தனிச் சோதனை முத்திரை உள்ள ஹெல்மெட்தான் செல்லும். அந்தச் சோதனையில் சாய்வான அடியில் தலை திருகுவதும் அளக்கப்படுகிறது.

சாவு நடந்த நாளின் பேடாக் எப்படி இருக்கும்? சிவப்புக் கொடி விழுந்ததும் எல்லா வண்டியும் பிட்டுக்குத் திரும்பும், ஒன்று தவிர. அந்த ஒரு அணியின் பெட்டியில் (பிட்டில் வண்டி நிறுத்தும் அறை) ஸ்டாண்ட் தயாராக நிற்கும். அடுத்த செட் டயரில் அதைச் சூடாக வைக்கும் வார்மர் சுற்றியிருக்கும், 80, 90 டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அணைக்க வேண்டிய மெக்கானிக் அணைக்க மாட்டார். அணைத்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும். பக்கத்துப் பெட்டிக்காரர் யாராவது வந்து, ஒன்றும் பேசாமல் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார்.

அடுத்த சில மணி நேரத்தில் செய்யக்கூடாதவை, செய்ய வேண்டியவைவிட அதிகம். வீட்டாருக்குச் சொல்லும்வரை ரேடியோவில் பெயரோ எண்ணோ வரக்கூடாது. பேடாக்கில் எல்லார் காதிலும் ஹெட்செட் இருக்கிறது, அம்மா எங்கேயாவது நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். வண்டியை யாரும் துடைக்கக்கூடாது, நகர்த்தினால் அதிகாரிகள் முன்னால்தான், பிறகு மூடி முத்திரை. என்ஜின் கம்ப்யூட்டரிலும் ஏர்பேக் பெட்டியிலும் கடைசி நொடிகளின் பதிவு இருக்கும். பவர் கொடுத்துப் பார்க்கலாமே என்று கை அரித்தாலும் தொடக்கூடாது. வண்டிகளில் கேமரா வைத்திருந்தவர்கள் மெமரி கார்டைக் கழற்றி விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். அதை வாட்சப்பில் போடுகிறவனை அந்த அணி திரும்பச் சேர்க்கக்கூடாது, அவ்வளவுதான். பையனின் பை, ஷூ, மாற்றுக் கையுறை, தண்ணீர் பாட்டில் எதையும் உதவி செய்வதாக நினைத்து மூட்டை கட்ட வேண்டாம். அது எப்படிக் கிடந்ததோ அப்படியே பார்க்க வேண்டும் என்று சில வீட்டார் கேட்பார்கள்.

ரேஸைத் தொடர்வதா என்ற சண்டை ஒவ்வொரு முறையும் வரும். 2010 செப்டம்பர் 5 அன்று மிசானோவில், அந்த வருடம் கத்தாரில் வரலாற்றின் முதல் மோட்டோ2 ரேஸை வென்ற ஷோயா டோமிசாவா, 19 வயது, விழுந்து பின்னால் வந்த இருவரின் வண்டிகள் மோதி இறந்தார். ரேஸை நிறுத்தவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு மார்ஷல்கள் ஓட, தடத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அது குறித்த கோபம் இன்றும் அடங்கவில்லை. முஜெல்லோவில் ஞாயிறு டுபாஸ்கியேவின் சாவுச் செய்தி வந்த பிறகு, மோட்டோஜிபி ரைடர்கள் ரேஸ் தொடங்கும் கட்டத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். உடனே ஹெல்மெட் மாட்டி, 350 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனார்கள். முன்னணியில் ஓடிய பான்யாயா இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். ஓட்டியிருக்கவே கூடாது என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். வென்ற குவார்தராரோ சுவிஸ் கொடியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுகிறவனின் தலை எங்கேயோ இருக்கும்போது, அவனை அதே வளைவுக்கு 23 சுற்று அனுப்புவது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

அஞ்சலிச் சுற்றுக்கும் விவரம் வேண்டும். ரேஸ் வண்டிகளில் பெரும்பாலும் ரேடியேட்டர் விசிறி கிடையாது. மெதுவாகப் போனால் தண்ணீர் கொதிக்கும். பள்ளக்கோடு இல்லாத ரேஸ் டயரான ஸ்லிக் ஆறிவிட்டால் கண்ணாடித் தரையில் ஓட்டுவது மாதிரி. அழுகையோடு, கூட்டமாக, ஆறிய டயரில் ஓட்டி, அஞ்சலியிலேயே விழுகிறவர்கள் உண்டு. ஆகவே வார்மரைக் கடைசி நிமிடம்வரை கழற்றாதீர்கள். ஒரே சுற்று, அதற்கு மேல் வேண்டாம். 60, 70 கிலோமீட்டர் வேகம், வரிசை கோணலாக, யாரும் யாருக்கும் நேர் பின்னால் வராமல். முன் சக்கரத்தைத் தூக்கி வீலி அடிக்காதீர்கள். முடிந்ததும் நேராக பிட்டுக்கு வந்து, என்ஜினை அணைத்து, ரேடியேட்டருக்கு வெளி விசிறி வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதானால் டேங்கில் வேண்டாம், முட்டி உரசிப் பிய்யும். வண்டியின் முன் மூடியான ஃபேரிங்கில் எண்ணுக்குக் கீழே ஒட்டுங்கள்.

மௌனம்தான் மரியாதை என்றும் இல்லை. 2011 நவம்பர் 6, வாலென்சியா. சிமொன்செல்லியின் அப்பா பாவ்லோ, என் பையனுக்கு மௌனம் பொருந்தாது, சத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மூன்று பிரிவு ரைடர்களும் ஒன்றாகச் சுற்றி வந்தார்கள். முன்னால் சிமொன்செல்லியின் வண்டியில் பழைய உலக சாம்பியன் கெவின் ஷ்வான்ட்ஸ். வந்து நின்றதும் மௌனத்துக்குப் பதில் என்ஜின்களும் வெடிகளும் ஒரு நிமிடம் அலறின. அந்த அணியின் முதலாளி ஃபாஸ்டோ கிரெசினி. 2003 ஏப்ரலில் சுசுகாவில் அடிபட்டு, இரண்டு வாரம் கழித்து இறந்த டைஜிரோ காட்டோவும் அவருடைய ரைடர்தான். எட்டு வருடத்தில் இரண்டாவது காலிப் பெட்டி. கிராண்ட் பிரீ அதன்பின் சுசுகாவுக்குத் திரும்பவில்லை. காட்டோவின் 74, சிமொன்செல்லியின் 58 எண்களை மோட்டோஜிபியில் இப்போது யாருக்கும் தருவதில்லை. டோமிசாவாவின் 48, சலோமின் 39 மோட்டோ2வில், டுபாஸ்கியேவின் 50 மோட்டோ3இல். பாவ்லோ எண்ணைச் சுவரில் மாட்டிவிட்டு உட்காரவில்லை. மகன் பெயரில் எஸ்ஐசி58 என்று அணி கட்டி மோட்டோ3க்கு வந்தார். 2019இல் ஹெரெஸில் முதல் வெற்றி; அதே வருடம், மகன் பெயர் தாங்கிய மிசானோ தடத்தில் இன்னொன்று.

எல்லா அஞ்சலியிலும் ஒருவன் விட்டுப்போகிறான். பின்னால் வந்தவன். மிசானோவில் டோமிசாவாமேல் மோதியவர்களில் ஸ்காட் ரெடிங்குக்கு அன்று 17 வயது, அவருக்கும் அடி. இளைஞர் பிரிவுகளில் பின்னால் வந்தவனும் பெரும்பாலும் சிறுவன்தான், இறந்தவனோடு காலையில் டிபன் சாப்பிட்டவன். விதிப்படி அவன்மேல் தவறே கிடையாது. மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி. அந்தக் கணக்கை அவனிடம் யாராவது உட்கார்ந்து போட்டுக்காட்ட வேண்டும், எண்ணோடு, மீட்டரோடு. “உன் தப்பு இல்லை” என்று தோளைத் தட்டினால் அவன் நம்ப மாட்டான். அவன் வண்டியின் டேட்டாவைத் திறந்து, பிரேக் அழுத்தம் எங்கே ஏறியது, முன்னவன் எங்கே விலகினான், நடுவே எத்தனை மீட்டர் என்று காட்டினால் கொஞ்சம் நம்புவான். விசாரணை முடிந்து அந்தப் பதிவைத் திருப்பிக் கொடுத்ததும் அணியில் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை இது. அதுவரை அவனை ஓட்டலில் தனி அறையில் படுக்க விடாதீர்கள், போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவனின் வீட்டாரை அவன் பார்க்க விரும்பினால், முதலில் அவர்களைக் கேளுங்கள். பல அப்பாக்கள் தாங்களே வந்து அவனைக் கட்டிக்கொள்வார்கள்.

வாலென்சியாவில் ரோஸி போட்டிருந்த ஹெல்மெட்டில் அவருடைய வடிவமும் சிமொன்செல்லியின் வடிவமும் கலந்திருந்தன. சத்தம் அடங்கி, கட்டம் காலியாகி, விளக்கு அணைந்து, ரேஸ் தொடங்கியது. முதல் வளைவிலேயே பின்னால் இருந்து ஒருவரின் முன் டயர் பிடி விட்டது. பாவ்டிஸ்டா, ஹேடன், டி பூனியே, ரோஸி என்று நாலு பேர் ஒரே குவியலாக விழுந்தார்கள். இந்த முறை எல்லாரும் வெளிப்பக்கமாகச் சரளைக்குள் வழுக்கிப் போனார்கள். ஹேடனுக்குக் கையில் அடி. நாலு பேரும் எழுந்தார்கள்.